அண்ணிக்குப் புரியாத இருபதாவது சொல்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். சொல்லட்டும். ஆறு வருடமாக ஒரே மேசை, ஒரு கால் ஆடுகிற நாற்காலி, கழுத்தில் 'தற்காலிகப் பணியாளர்' என்று எழுதிய அட்டை. இப்படி உட்கார்ந்து பார்த்தால் யாருக்கும் தெரியும், கோபம் எங்கிருந்து வருகிறதென்று.

வேலை, நகரச் சுற்றுச்சூழல் துறையின் விளக்கப் பிரிவில். துறை வெளியே அனுப்புகிற கடிதம், அறிவிப்பு, துண்டுப் பிரசுரம் எல்லாம் என் கையால் எழுதியவை. அந்தத் திங்கட்கிழமை காலை மேலாளர் கூப்பிட்டார். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் முத்திரை. ரப்பர் முத்திரை விழாத காகிதத்தை அவர் காகிதமாகவே மதிப்பதில்லை.

"பொதுமக்களுக்கு ஒரு கையேடு போடுறோம். சுற்றுச்சூழல் சொற்கள் இருபது, எளிமையான விளக்கத்தோட. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அச்சகத்துக்குப் போகணும். இருபதும் கையெழுத்தோட என் மேசைக்கு வந்துட்டா உங்க நிரந்தர நியமனக் கோப்பை அன்னிக்கே மேலே அனுப்புறேன்."

"ஒண்ணு ரெண்டு குறைஞ்சா சார்?"

"புத்தகம் பக்கத்துப் பிரிவுக்குப் போகும். கோப்பு அலமாரிக்குப் போகும்."

கையெழுத்து என்றால் என் கையெழுத்து இல்லை. எங்கள் துறையில் ஒரு விதி உண்டு. எந்த விளக்கமும் அச்சேறுமுன் துறையைச் சேராத ஒருவர் அதைப் படிக்க வேண்டும். அந்தச் சொல்லின் பொருள் அவருக்கு முன்பே தெரிந்திருக்கக் கூடாது. படித்ததைத் தன் சொந்த வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னதைப் படிவத்தில் அப்படியே எழுதி, 'புரிந்தது' என்ற கட்டத்தில் அவர் கையெழுத்தை வாங்க வேண்டும். முன்பு ஒருமுறை, ஈரக் கழிவைப் பச்சைத் தொட்டியில் போடவும் என்று பிரசுரம் அடித்தோம். ஒரு தெரு முழுக்கக் குழாயைத் திருப்பி, பழைய செய்தித்தாளையெல்லாம் நனைத்து நனைத்துப் பச்சைத் தொட்டியில் போட்டார்கள். கனம் தாங்காமல் குப்பை லாரியின் தூக்கி முறிந்தது. அதன் பிறகு வந்த விதி இது.

வழக்கமாகக் கையெழுத்துப் போடுபவர் எதிர் வீட்டுத் தையல்காரர். நல்ல மனிதர், ஒரு மணி நேரத்தில் பத்துச் சொல் முடித்துக் கொடுப்பார். அவர் தன் மகள் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. என் கணவரிடம் கொடுக்கலாம் என்றால், அவர் எதையும் படிக்காமலே கையெழுத்துப் போடுகிற ஜாதி. கல்யாணப் பதிவேட்டிலும் அப்படித்தான் போட்டேன் என்று அவரே சொல்வார். முத்திரையோ கையெழுத்துப் போட்டவரைத் திடீர் திடீரென்று தொலைபேசியில் கூப்பிட்டு, "அந்த ஏழாவது சொல்லுக்கு என்ன அர்த்தம் சொன்னீங்க?" என்று குறுக்கு விசாரணை செய்கிறவர்.

மிச்சம் இருந்தது அண்ணி. என் கணவரின் அக்கா. தனியாளாகச் சலவைக் கடை நடத்தியவர். இரண்டு மாதத்துக்கு முன், கடைக் கழிவுநீர் சரியில்லை என்று எங்கள் துறையின் ஆய்வுப் பிரிவு வந்து சீல் வைத்துவிட்டது. மூன்று பெட்டியும் ஒரு பெரிய இஸ்திரிப் பெட்டியுமாக எங்கள் வீட்டுக்கு வந்தார். முதலில் அறிவிப்பு அனுப்பியிருப்பார்கள், இவர் படிக்காமல் மூலையில் போட்டிருப்பார் என்று நான் மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முதல் படிவத்தை நீட்டினேன். 'கரிமத் தடம்: ஒரு மனிதரின் அல்லது நிறுவனத்தின் செயல்பாடுகளால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களின் மொத்த அளவு.'

அண்ணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று தரம் படித்தார்.

"புரியலம்மா."

"எது அண்ணி புரியல?"

"முதல்ல இருந்து."

தொண்டைத் தண்ணி வற்றச் சொன்னேன். வண்டி ஓட்டினால் புகை வருகிறது, விளக்குப் போட்டால் எங்கேயோ ஒரு மின் நிலையத்தில் புகை வருகிறது, வாங்குகிற சட்டை கப்பலில் வரும்போது புகை விடுகிறது, எல்லாவற்றையும் கூட்டி ஒரு ஆளின் பெயரில் எழுதினால் அதுதான் கரிமத் தடம் என்று.

"இதைத்தானே நீ எழுதியிருக்கணும்?" என்றார் அண்ணி. "சரி, எழுதிக்கோ. நான் இந்த வீட்ல இல்லாதப்போ என்னைப் பத்தி என்னென்ன பேசினீங்களோ, எல்லாத்தையும் கூட்டி என் கணக்குல எழுதுற மாதிரி, புகையை எழுதுறது."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கையெழுத்து விழுந்ததே என்று எழுதிக்கொண்டேன்.

அடுத்தது கரிம ஈடுசெய்தல். ஓரிடத்தில் விட்ட புகைக்குப் பதிலாக இன்னோரிடத்தில் மரம் நடுவது போன்ற வேலைக்குப் பணம் கொடுத்துக் கணக்கைச் சரிக்கட்டுவது. அண்ணி உதட்டைப் பிதுக்கினார்.

"நீ என் காலை மிதிச்சுட்டு, எதிர் வீட்டுக்காரிக்குப் போய் பூ வாங்கிக் குடுத்துட்டு வருவ. அதானே?"

"அப்படி இல்ல அண்ணி, மொத்தத்துல உலகத்துக்கு..."

"என் கால் வலிக்குமா வலிக்காதா, அதைச் சொல்லு."

"வலிக்கும்."

"எழுதிக்கோ."

பசுமைப் பூச்சுக்கு வந்தபோது என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஒரு கம்பெனி சின்னதாக ஒரு நல்ல காரியம் செய்துவிட்டு, பெரிய கெடுதலை அதன் பின்னால் ஒளித்து, தன்னை இயற்கையின் காவலனாகக் காட்டிக்கொள்வது என்று விளக்கினேன். இந்த முறை அண்ணிக்கு யோசிக்கவே நேரம் தேவைப்படவில்லை.

"என் தம்பி ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு தட்டு கழுவுவான். வாரம் பூரா வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் வீட்டு வேலையில பாதி நான்தான் செய்றேன்னு சொல்லிட்டுத் திரிவான்."

"அக்கா!" என்றார் என் கணவர்.

"ரெண்டு தட்டா?"

அவர் தேநீரோடு எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அண்ணியை எனக்குப் பிடித்துப்போனது அன்றுதான். அது ஒரு நாள்கூட நீடிக்கவில்லை.

ஏனென்றால் புதன்கிழமை காலை அண்ணி, கையெழுத்துப் போட்ட சொற்களை வீட்டில் அமல்படுத்தத் தொடங்கினார். சாம்பல் நீர் என்றால் குளித்த நீர், துணி துவைத்த நீர், அதைக் கழிப்பறைக்கோ செடிக்கோ மறுபடி பயன்படுத்தலாம் என்று நான்தான் விளக்கித் தொலைத்தேன். குளியலறைக் கதவைத் திறந்து வெளியே வந்தால் வாசலில் அண்ணி, கையில் வாளியோடு.

"தண்ணி எங்க?"

"போயிடுச்சு அண்ணி."

"எல்லாமா? நீ எழுதினதை நீயே படிக்க மாட்டியா?"

மக்கும் பொருள் என்ற சொல் வந்த பிறகு, அலமாரியில் இருந்த 'மக்கும் பை' என்று அச்சடித்த பைகளையெல்லாம் எடுத்துப் பூந்தொட்டி மண்ணில் புதைத்துவிட்டார். எப்போது மக்கும் என்று அந்தக் கம்பெனி எழுதவில்லையாம், இவர் தேதி போட்டுப் பார்க்கப் போகிறாராம். மக்குவதற்குச் சரியான வெப்பமும் ஈரமும் வேண்டும், சில பைகள் தொழிற்சாலைச் சூட்டில்தான் மக்கும் என்று சொன்னேன். "அப்போ அதைப் பைமேலயே எழுத வேண்டியதுதானே? எல்லாரும் பாதியை மட்டும் எழுதுறீங்க," என்றார். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மதியச் சாப்பாடு எடுத்துப்போகும் பையைத் தேடினால் அதுவும் மண்ணுக்குள்.

மீளெழு விளைவு என்று ஒன்று. மின்சாரம் குறைவாக எடுக்கும் விளக்கு வாங்கிய தைரியத்தில், அணைக்காமலே விட்டு, பழையபடி அதே அளவு மின்சாரம் செலவழிப்பது. அதற்கு அண்ணி என்னைக் கூடத்தில் நிற்கவைத்து, நான் எரியவிட்டு வந்திருந்த நான்கு விளக்குகளையும் கை நீட்டிக் காட்டினார். படிவத்தில் 'கை நீட்டிக் காட்டினார்' என்று எழுதினேன். பிறகு முத்திரை கேட்பாரே என்று அடித்துவிட்டு, அண்ணியை வாயால் சொல்லவைத்து எழுதினேன்.

அன்றைக்கு நான் பழிவாங்க நினைத்த சொல் ஊடுருவும் அயல் இனம். வேண்டுமென்றே கடைசியில் வைத்திருந்தேன். விளக்கத்தை அண்ணியின் முகத்தைப் பார்த்தபடியே வாசித்தேன். வெளியிலிருந்து வந்து, வேர் பிடித்து, இடத்தை நிறைத்து, ஏற்கெனவே அங்கிருந்த உயிர்களின் வெளிச்சத்தையும் தண்ணீரையும் எடுத்துக்கொள்கிற செடியோ பிராணியோ என்று. "தண்ணீரையும்" என்பதைக் கொஞ்சம் அழுத்தினேன்.

அண்ணி தலையாட்டினார். "நல்லாப் புரியுது. சந்தோஷமா இருந்த எங்க வீட்டுக்கு ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தி மருமகளா வந்தா..."

"போதும் அண்ணி. கையெழுத்துப் போடுங்க."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பால்கனியிலிருந்து என் கணவர் சிரித்த சத்தம் இங்கே கேட்டது.

வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் பத்தொன்பது முடிந்தன. வலுவில்லாத என் விளக்கங்களை அண்ணி ஒவ்வொன்றாக உடைக்க, நான் மறுபடி எழுத, அவர் மறுபடி உடைக்க, உண்மையைச் சொன்னால் விளக்கங்கள் நன்றாக வந்திருந்தன. வயிற்றெரிச்சலோடுதான் இதை ஒப்புக்கொள்கிறேன். இருபதாவது படிவத்தை நீட்டும்போது நான் மனதுக்குள் நிரந்தரப் பணியாளர் ஆகிவிட்டேன். புது நாற்காலிகூட வந்துவிட்டது.

'உயிர்வேதி ஆக்சிஜன் தேவை.'

அண்ணி அந்தத் தலைப்பைப் பார்த்தார். விளக்கத்தைப் படிக்கவே இல்லை. படிவத்தை மேசையில் வைத்து, பேனாவை அதன்மேல் வைத்தார்.

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"ஏன் அண்ணி? ஒண்ணே ஒண்ணு. நாளைக்குக் கடைசி நாள். என் வேலை அண்ணி!"

"தெரியும்மா. மாட்டேன்."

கெஞ்சினேன், கொஞ்சினேன், கடைசியில் கத்தினேன். இந்தப் பெண் என் வாழ்க்கையைக் கெடுக்கவே மூன்று பெட்டியோடு வந்திருக்கிறாள் என்று என் கணவரிடம் அண்ணி காதில் விழும்படியே சொன்னேன். அண்ணி தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை நான் தேநீரோடு சமையலறை மேசையில் பேயறைந்தது போல உட்கார்ந்திருந்தபோது அவர் வந்தார். கையில் ஒரு காகிதம், நான்காக மடித்தது. என் முன்னால் விரித்து வைத்தார்.

"வாசி."

எங்கள் துறையின் அறிவிப்பு. எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி. வாசித்தேன். "தங்கள் சலவையகத்தினின்றும் வெளியேற்றப்படும் கழிவுநீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவையானது நிர்ணயிக்கப்பட்ட வரம்பினை விஞ்சியுள்ளமையால், அதனை மேற்படி வரம்பிற்குள் கொணரும் பொருட்டுத் தக்க நடவடிக்கைகள் மேற்குறித்த காலத்திற்குள் மேற்கொள்ளப்படாத பட்சத்தில்..."

"இது எனக்கு வந்துச்சு," என்றார் அண்ணி. "கொண்டுவந்த ஆள், புரிஞ்சுதுன்னு கையெழுத்துப் போடுங்கன்னாரு. எல்லாரும் போடுறாங்களேன்னு போட்டேன். அப்புறம் உக்காந்து படிச்சேன். வேற ஒண்ணும் விளங்கல. ஆக்சிஜன் தேவைன்னு மட்டும் விளங்குச்சு. சரி, தேவைன்னா குடுத்துடுவோம்னு கடைக்கு ரெண்டு பெரிய ஜன்னல் வெச்சேன். காத்து இழுக்க ஒரு ஃபேன் வெச்சேன். ஆய்வுக்கு வந்தவங்ககிட்ட ஜன்னலைத் திறந்து திறந்து காட்டினேன். அவங்க சிரிச்சுட்டு சீல் வெச்சுட்டுப் போனாங்க."

சிரிப்பு எனக்கும் வந்தது. வந்த வேகத்தில் அடங்கியது. 'மேற்குறித்த' என்றும் 'மேற்படி' என்றும் ஒரே வாக்கியத்தில் எழுதுகிற ஆள் எங்கள் துறையில் ஒருத்திதான். அவள் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள்.

"அண்ணி, இதை எழுதினது நான்."

"தெரியும். இங்க வந்த முதல் வாரமே உன் மேசையில கிடந்த கடிதத்தைப் பார்த்தேன். அதே மேற்படி."

"இத்தனை நாள் ஏன் சொல்லல?"

"உன் வீட்ல சாப்பிட்டுக்கிட்டு உன்னைக் குத்திக் காட்டவா?" அண்ணி எதிரே உட்கார்ந்தார். "சரி, இப்போ சொல்லு. அதுக்கு அர்த்தம் என்ன? விளக்கத்தை வாசிக்காத. நீயா சொல்லு."

வாயைத் திறந்தேன். கழிவுநீரிலுள்ள கரிமப் பொருட்களைச் சிதைக்க நுண்ணுயிரிகளுக்குத் தேவைப்படும் என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. ஆறு வருடமாகப் பழைய கோப்பிலிருந்து பார்த்துப் பார்த்து எழுதிய வாக்கியம் அது. எத்தனை கடைகளுக்கு அனுப்பியிருப்பேன்! ஒரு தரம்கூட அது என்னவென்று நான் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

அண்ணி என் கைபேசியை என் பக்கம் தள்ளினார். "தெரிஞ்ச ஆள் யாராவது இருப்பாங்கல்ல? கூப்பிடு."

எங்கள் துறையின் ஆய்வகக்காரரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். அவரிடம் இதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை போலிருக்கிறது, உற்சாகமாகிவிட்டார்.

"தண்ணிக்குள்ள அழுக்கு போனா அதைத் தின்னக் கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க இருக்கும்மா. திங்கும்போது அதுங்களும் மூச்சு விடும். தண்ணியில கரைஞ்சிருக்கற ஆக்சிஜனை இழுக்கும். அழுக்கு எவ்வளவு அதிகமோ, அவ்வளவு ஆக்சிஜன் தேவை. அந்த அளவைத்தான் நாங்க அளக்குறோம்."

"அளவு மீறினா என்ன ஆகும்?" என்றார் அண்ணி.

"எல்லாத்தையும் கிருமிங்களே இழுத்துடும். மீனுக்கு மிச்சம் இருக்காது."

"அப்போ நான் ஜன்னல் வெச்சது..."

அந்த ஜன்னல் கடையின் கதையை ஆய்வகக்காரரும் கேள்விப்பட்டிருக்கிறார். "காத்து குடுத்தது தப்பில்லம்மா. தண்ணிக்குக் குடுத்திருக்கணும். நீங்க ரூமுக்குக் குடுத்துட்டீங்க. ஒரு தொட்டி கட்டி, அழுக்கைத் தெளிய விட்டு, அடியில குழாய் போட்டுக் காத்து ஊதினா அளவு இறங்கிடும். மறுபரிசோதனைக்கு எழுதிக் குடுங்க, சரியா இருந்தா சீலை எடுத்துடுவாங்க."

"அந்த விண்ணப்பத்தை நான்..." என்று ஆரம்பித்தேன்.

"நீ எழுதாத," என்றார் அண்ணி. "நானே எழுதிக்கிறேன்."

அப்புறம் இருபதாவது படிவத்தை எடுத்து, என் விளக்கத்தின் மேல் ஒரே கோடாக அடித்துவிட்டு, பக்கத்தில் தன் கையெழுத்தில் எழுதினார். எழுதி முடித்து என் முன்னால் வைத்தார். 'ஒரு சின்ன அறையில் ஒருத்தர் குடியிருக்கிறார். சாப்பாட்டைக் கொட்டி வைத்தால் சாப்பிட நானூறு பேர் உள்ளே வருவார்கள். வந்தவர்கள் சாப்பிட்டால் மட்டும் போதாது, மூச்சும் விடுவார்கள். குடியிருந்தவருக்கு மூச்சு முட்டும். அவர்தான் மீன். நாம் கொட்டின அழுக்குதான் சாப்பாடு. வந்த கூட்டத்துக்கு எவ்வளவு காற்று வேண்டுமோ, அதுதான் இந்தச் சொல்.'

"இப்போ நீ திருப்பிச் சொல்லு," என்றார்.

"நானா?"

"ஆமா, நீதான்."

"வெளியேற்றப்படும் கழிவுநீரானது..."

"மறுபடியும் நோட்டீஸ் வாசிக்காத!"

மூன்றாவது முறை சரியாக வந்தது. நான் சொன்னதை அண்ணி ஒரு சொல் விடாமல் படிவத்தில் எழுதினார். பிறகு பேனாவை என்னிடம் கொடுத்தார். 'எழுதியவர்' என்ற கட்டத்தில் அவர் பெயர். 'புரிந்தது' கட்டத்தில் என் கையெழுத்து. அண்ணி, மன்னிச்சிடுங்க என்றேன். பெரிய மனுஷி மாதிரி பேசாத, நேரமாகுது, கிளம்பு என்றார்.

மூன்றே முக்கால் மணிக்கு முத்திரையின் மேசைக்கு முன் நின்றேன். பிரிவு முழுக்க வேலை செய்வது போல் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. பத்தொன்பது படிவத்தில் டம் டம்மென்று முத்திரை விழுந்தது. இருபதாவதில் கை அந்தரத்தில் நின்றது.

"படிச்சவர் நீங்களா? இந்தச் சொல் உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கக் கூடாதே. ஆறு வருஷமா இதை வெச்சு நோட்டீஸ் எழுதுறீங்க!"

தெரியும் என்றால் படிவம் செல்லாது. தெரியாது என்றால், தெரியாமல் ஆறு வருடம் எழுதியவளை யார் நிரந்தரமாக்குவார்கள்? சமையலறை மேசையில் விரித்து வைத்த அந்தக் காகிதம்தான் கண்முன் நின்றது.

"தெரியாது சார்," என்றேன். சத்தமாகவே வந்துவிட்டது. "இன்னிக்குக் காலையிலதான் தெரிஞ்சுக்கிட்டேன். தெரியாமத்தான் இத்தனை பேருக்கு எழுதினேன். அந்த நோட்டீஸை எல்லாம் திருப்பி எழுதணும் சார்."

யாரோ ஒருவர் தட்டச்சு செய்வதை நிறுத்தினார். முத்திரை படிவத்தைக் கண்ணருகே கொண்டுபோய், உதடு அசைய வாசித்தார். மறுபடி வாசித்தார். குரலைத் தாழ்த்தி, "மீனா?" என்றார்.

"மீன்தான் சார்."

"இருபத்தெட்டு வருஷமா இதுல முத்திரை குத்துறேன்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். கொஞ்ச நேரம் முத்திரையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சட்டென்று அதிகாரி ஆகிவிட்டார். "அதெல்லாம் சரி. ஆனா விதி இருக்கே. படிக்கிறவர் துறையைச் சேராத வெளி ஆளா இருக்கணும்."

மணி மூன்று ஐம்பத்தைந்து. அச்சகக்காரர் வாசலில் வந்து நின்றுவிட்டார். நான் கழுத்து அட்டையைக் கழற்றி, 'தற்காலிகப் பணியாளர்' என்ற எழுத்து மேலே தெரியும்படி அவர் மேசையில் வைத்தேன்.

"நான் இந்தத் துறை ஆளே இல்ல சார்."

அட்டையைப் பார்த்தார். "ஆமாமா, நீங்க வெளி ஆள்தானே," என்று டம்மென்று குத்தினார். இந்த ஆறு வருடத்தில் நான் சொன்ன எதையும் அந்த மனிதர் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதே இல்லை.